மணிமங்கலம் ஏரியும் அடையாறும்: சீரமைப்புப் பணம் எங்கிருந்து வருகிறது? நமக்கு அதில் என்ன வேலை?

முடிச்சூர், படப்பை, மணிமங்கலம் பக்கம் மனை பார்க்கும் சகோதரர்கள் நம்மிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான். வட்டியில் மாட்டிக்கொள்ளாமல் எப்படி வாங்குவது என்பது ஒன்று. பக்கத்தில் பள்ளிவாசல் இருக்கிறதா என்பது இன்னொன்று. மூன்றாவது கேள்வியை மழை வந்த பிறகுதான் கேட்கிறார்கள்: இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் அந்தக் கேள்வியைக் கேட்காதவர்களே இந்தப் பகுதியில் இல்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்தது. மேற்குத் தாம்பரம், முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் மூழ்கின. அன்று ஒரு பள்ளிவாசலின் மாடியில் நாம் இருந்தோம். கீழே ஒளூ செய்யும் இடம் தண்ணீருக்குள் போய்விட்டது. மேலே எல்லாச் சமுதாயத்து மக்களும் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் "செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டார்கள், அதனால்தான்" என்றார்கள். நாமும் அப்படித்தான் நம்பினோம்.

அது முழு உண்மை அல்ல என்பது பின்னால்தான் புரிந்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அன்று விநாடிக்கு 29,000 கனஅடி வரை திறக்கப்பட்டது உண்மைதான். சென்னை நகருக்குள் ஏற்பட்ட அழிவில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலை அருகே. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. அங்கே வந்த வெள்ளம் ஆதனூர், மணிமங்கலம், படப்பை, ஒரத்தூர் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த வெள்ளம். அதாவது, எந்த ஏரியைப் பற்றி நாம் யாரும் பேசவில்லையோ அந்த ஏரிகளின் தண்ணீர்.

ஆறு தொடங்கும் ஊர்

அடையாறு என்றால் நம் மனதில் வருவது சைதாப்பேட்டைப் பாலம், கோட்டூர்புரம், அப்புறம் கடல். சுமார் 42 கி.மீ. நீளமுள்ள அந்த ஆறு ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் கலங்கலிலிருந்துதான் பிறக்கிறது. மலையில் ஊற்றெடுத்து வரும் ஆறு அல்ல அது. ஓர் ஏரி நிரம்பினால் மிச்சம் அடுத்த ஏரிக்கு, அதுவும் நிரம்பினால் ஆற்றுக்கு என்று போகும் ஏற்பாடு. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரிகள் மாவட்டம் என்று சொன்னதற்குக் காரணமே இந்தச் சங்கிலித் தொடர்தான்.

மதரஸாவில் ஓதி முடித்துவிட்டுக் கல்லூரியில் வரலாறு படித்தபோது மணிமங்கலம் என்ற பெயரை நாம் ஒரு போர்க்களமாகத்தான் படித்தோம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியைத் தோற்கடித்த இடங்களில் ஒன்று இது. கூரம் செப்பேடு அதைச் சொல்கிறது. பிற்காலச் சோழர் கல்வெட்டுகளும் இந்த ஊர்க் கோயில்களில் நிறைய உண்டு. பரீட்சைக்கு இதையெல்லாம் மனப்பாடம் செய்தோம். அந்த ஊருக்குச் சோறு போட்ட ஏரியைப் பற்றி ஒரு கேள்வியும் வந்ததில்லை!

இன்று ஊரைச் சுற்றி நிலைமை வேறு. ஒரு பக்கம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகள். இன்னொரு பக்கம் தாம்பரம், வெளிவட்டச் சாலை. நடுவில் வயல்கள் மனைகளாகிக்கொண்டே வருகின்றன. ஷிஃப்ட் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் பலர் இங்கேதான் வாடகைக்கு இருக்கிறார்கள், முடிந்தவர்கள் இங்கேதான் இடம் வாங்குகிறார்கள். வயலாக இருந்தபோது மழைநீர் நின்று ஊறிய இடத்தில் இப்போது சிமெண்ட் தரை. தண்ணீர் குறையவில்லை, அது நிற்பதற்கான இடம்தான் குறைந்துவிட்டது.

பணம் வரும் வழிகள்

"ஏரியைத் தூர்வார அரசாங்கத்திடம் பணம் இல்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. பணம் இருக்கிறது. அது பல பெட்டிகளில் இருக்கிறது, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பூட்டு. எந்தச் சாவி யாரிடம் என்று தெரிந்தால்தான் கேட்க முடியும்.

முதலில் ஏரி யாருடையது என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் கணக்கில் உள்ளன. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பொதுவாக நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். இது தெரியாமல் ஊராட்சித் தலைவரிடம் மனு கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவரால் தொட முடியாத ஏரிக்கு அவரிடம் மனு!

மணிமங்கலத்திற்கு இதில் ஒரு தனிப் பெருமை உண்டு. குடிமராமத்துத் திட்டத்தை 2017 மார்ச் 13 அன்று அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி இந்த மணிமங்கலம் ஏரியில்தான் தொடங்கிவைத்தார். அந்த ஆண்டு 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள் அறிவிக்கப்பட்டன. குடிமராமத்து என்பது பழைய முறைதான். ஏரியால் பயன்பெறும் குடிகளே ஆளுக்கு இத்தனை நாள் என்று வந்து கரையைப் பலப்படுத்தி, வாய்க்காலைத் தூர்வாருவார்கள். புதிய திட்டத்தில் பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும், மீதி அரசு தரும் என்று வைத்தார்கள். 2019-20இல் இதே திட்டத்திற்கு 499.68 கோடி ரூபாயும் 1,829 பணிகளும் ஒதுக்கப்பட்டன.

யோசனை நல்ல யோசனை. ஆனால் விவசாயிகளை நம்பிய திட்டம் இது. ஆயக்கட்டு நிலம் மனையாகிவிட்ட ஊரில் ஏரிக்குச் சொந்தக்காரன் யார்? மதகைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவனுக்கு ஏரி வேண்டும். அதே வயலில் வீடு கட்டிக் குடியிருப்பவனுக்கு ஏரி ஒரு பயம். கீழே குடியிருக்கும் நாம்தான் இன்றைக்கு அந்த ஏரியின் புதிய ஆயக்கட்டு என்று நினைக்கத் தோன்றுகிறது. குடிமராமத்தில் நம் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

அடுத்தது நகரங்களுக்கான மத்திய அரசின் அம்ருத் 2.0. இது 2021 அக்டோபரில் தொடங்கியது. குடிநீர், கழிவுநீரோடு நீர்நிலைகளைப் புதுப்பிப்பதற்கும் பூங்காக்களுக்கும் இதில் இடம் உண்டு. ஒரு லட்சத்திற்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊருக்குத் திட்டச் செலவில் பாதியையும், 10 லட்சம் வரை உள்ள நகரத்திற்கு மூன்றில் ஒரு பங்கையும், அதற்கு மேல் நான்கில் ஒரு பங்கையும் மத்திய அரசு தரும். மீதியை மாநிலமும் உள்ளாட்சியும் சேர்த்துக் கட்ட வேண்டும். பணமும் மொத்தமாக வராது, 20, 40, 40 சதவீதம் என்று மூன்று தவணையாக வரும். முதல் தவணையைச் செலவழித்த கணக்குக் காட்டினால்தான் அடுத்தது.

இங்கேதான் சிக்கல். 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சி இதைக் கேட்கலாம். மணிமங்கலம் கேட்க முடியாது, ஏனென்றால் அது கிராம ஊராட்சி. ஆறு மணிமங்கலத்தில் நிரம்பித் தாம்பரத்தில் வீட்டுக்குள் வருகிறது. நிதியின் எல்லைக்கோடு நடுவில் நிற்கிறது. கீழே கோடி கோடியாகக் கொட்டி ஆற்றை அகலப்படுத்தினாலும், மேலே கலங்கல் கால்வாய் குறுகிக் கிடந்தால் ஒரு ராத்திரியில் எல்லாம் வீண்.

அடையாற்றுக்கென்று தனியாகவும் பணம் வந்திருக்கிறது. அடையாறு பூங்காவுக்காக 2006இல் அமைத்த அறக்கட்டளைதான் 2010இல் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை ஆனது. 2017இல் அடையாற்றைச் சீரமைக்க 555.46 கோடி ரூபாய்த் திட்டம் ஒப்புதல் பெற்றது. பிறகு 2023-24 மாநில பட்ஜெட்டில் 1,500 கோடி ரூபாயில், அரசும் தனியாரும் சேர்ந்து செய்யும் முறையில், இன்னொரு திட்டம் அறிவிக்கப்பட்டது. மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரில் சென்னை வெள்ளத் தடுப்புக்கு 561.29 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய அரசு ஏற்றது. அதில் 500 கோடி மத்திய உதவி. அந்தப் புயலின்போதும் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தண்ணீர் நின்றது என்பதை அங்கே இருப்பவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

நாம் அதிகம் கண்டுகொள்ளாத பெட்டி ஒன்று வீட்டு வாசலிலேயே இருக்கிறது. அது கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். பணம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் அல்லது சொத்து உள்ள நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நீர்நிலைப் பாதுகாப்பு அதில் அடங்கும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் எத்தனை பெரிய ஆலைகள்! அவற்றில் மனிதவளப் பிரிவிலும் பொறியாளராகவும் வேலை பார்க்கும் நம் சகோதரர்கள் எத்தனை பேர்! கலெக்டர் அனுமதியோடு ஒரு தொண்டு நிறுவனம் முன்மொழிந்தால் கம்பெனி அந்த ஏரியைத் தத்தெடுக்கலாம். "எங்க ஊர் ஏரி" என்று உள்ளே இருந்து ஒருவர் பேசுவது எவ்வளவு உதவும் என்று யோசித்துப் பாருங்கள்.

இது தவிர, மக்கள் ஒரு பங்கு கட்டினால் அரசு மீதியைப் போடும் நமக்கு நாமே திட்டமும் உண்டு.

சிட்லபாக்கம் சொல்லும் கதை

பணம் கேட்டு வாங்க முடியும் என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. சிட்லபாக்கம் மக்கள் ஆண்டுக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏரியில் இறங்கிக் குப்பை அள்ளினார்கள். அதிகாரிகளிடம் கையில் வரைபடத்தோடு போனார்கள். 2019இல் அந்த ஏரிக்கு 25 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. செம்பாக்கம் ஏரியை நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் டிரஸ்ட், சென்னை ஐ.ஐ.டி. ஆகியவை கைகோத்துப் புதுப்பித்தன. அங்கே கழிவுநீரைத் தாவரங்கள் வழியாக வடிகட்டி ஏரிக்குள் விடும் ஏற்பாடு முக்கியமானது. தூர்வாரிவிட்டுச் சாக்கடையை அப்படியே விட்டால் நாம் செய்தது சாக்கடைத் தொட்டியை ஆழப்படுத்திய வேலைதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீரமைப்பு என்றதும் கரையில் டைல்ஸ் நடைபாதை, கம்பி வேலி, கலர் விளக்கு என்று போட்டுவிடுகிறார்கள். அழகுதான், காலையில் நடப்பவர்களுக்கும் வசதிதான். ஆனால் அந்த நடைபாதை ஏரியின் உள்வாயை விழுங்கி வந்திருந்தால் அது ஆக்கிரமிப்பே. வரத்துக் கால்வாய், கலங்கல், போக்குக் கால்வாய், இந்த மூன்றுக்கும் எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று பாருங்கள். திட்ட அறிக்கையில் படிக்க வேண்டிய பக்கம் அதுதான்.

சிங்கப்பூர் போய்வந்தவர்கள் பிஷான் - ஆங் மோ கியோ பூங்காவைப் பார்த்திருக்கலாம். அங்கே 2.7 கி.மீ. நேர்கோட்டுக் கான்கிரீட் கால்வாயாகக் கிடந்த காலாங் ஆற்றை உடைத்து, 3.2 கி.மீ. வளைந்து ஓடும் ஆறாக 2012இல் மாற்றினார்கள். சாதாரண நாளில் பிள்ளைகள் புல்வெளியில் விளையாடுவார்கள், பெருமழை அன்று அந்தப் புல்வெளியே ஆறாகிவிடும். திறந்தவெளி என்பது வீணாகக் கிடக்கும் இடம் என்று நாம் நினைக்கிறோம். ஆற்றங்கரையில் அது வெள்ளத்திற்கு ஒதுக்கி வைத்த அறை.

ஓ.எஸ்.ஆர். இடத்தில் பள்ளிவாசல் கட்டலாமா?

இதை எழுத வேண்டுமா என்று நாம் யோசித்தோம். சில சகோதரர்களுக்கு மனம் வருந்தும். ஆனால் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது.

பெரிய மனைப்பிரிவு போடும்போது பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் இடத்திற்குப் பதில் அதன் மதிப்பைப் பணமாகக் கட்டலாம். 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் இடத்தையே உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அதைத்தான் ஓ.எஸ்.ஆர். இடம் என்கிறோம். பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் உள்ள இடம் அது. மனை விற்பவர் சில சமயம், "அது காலி இடம்தான் பாய், பின்னாடி உங்க தொழுகைக்கு வெச்சுக்கலாம்" என்று ஆசை காட்டுவார். நம்மிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு குடும்பத்திற்கு இப்படித்தான் சொல்லியிருந்தார்கள். இன்னொரு தரப்பிடம் அதே இடத்தில் கோயில் வரும் என்று சொல்லியிருந்ததும் பிறகு தெரிந்தது.

சட்டப்படி இது முடியாது. பொதுத் தெரு, பூங்கா, பொது இடங்களில் அனுமதியின்றி எந்த மதத்தின் வழிபாட்டிடமும் கட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பரில் உத்தரவிட்டது. மார்க்கப்படியும் முடியாது. வக்ஃப் செய்பவர் அந்தப் பொருளுக்கு உரிமையாளராக இருக்க வேண்டும் என்பது ஃபிக்ஹின் அடிப்படைப் பாடம். தனக்கு இல்லாததை யாரும் அல்லாஹ்வுக்காகக் கொடுக்க முடியாது. அபகரித்த நிலத்தில் தொழுதால் தொழுகையே கூடாது என்று ஹன்பலி மத்ஹபில் பிரபலமான கருத்து உண்டு. ஷாஃபியிலும் ஹனஃபியிலும் தொழுகை நிறைவேறும், குற்றம் நிற்கும். ஊருக்குப் பொதுவான இடத்தில் அந்தக் குற்றத்திற்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

நம் ஃபிக்ஹு நூல்களில் "ஹரீம்" என்று ஒரு பகுதி வரும். கிணறு, வாய்க்கால், ஆறு இவற்றைச் சுற்றி, அவற்றைப் பயன்படுத்தவும் தூர்வாரவும் தேவைப்படும் இடம் தனி ஆளுக்குச் சொந்தமாகாது என்ற சட்டம். மதரஸாவில் இதை ஓதியபோது அரபு நாட்டுக் கிணற்றைத்தான் கற்பனை செய்தோம். ஏரிக்கரைப் புறம்போக்கும் வாய்க்கால் புறம்போக்கும் அதுதான் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதேபோல "ஹிமா": பொதுத் தேவைக்காகப் பாதுகாத்து வைக்கும் மேய்ச்சல் நிலம். மதீனாவுக்கு அருகே நகீஃ என்ற இடத்தை நபி (ஸல்) அவர்கள் அப்படி ஒதுக்கினார்கள். உமர் (ரலி) அவர்கள் காலத்தில் இருந்த ஹிமாவைப் பற்றி புகாரியில் ஒரு செய்தி உண்டு. சில ஆடுகளும் ஒட்டகங்களும் மட்டுமே வைத்திருக்கும் ஏழைகளை உள்ளே விடும்படியும், செல்வந்தர்களான உஸ்மான் (ரலி), அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) ஆகியோரின் மந்தைகள் விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்கும்படியும் காவலரிடம் அவர்கள் சொன்னார்கள். பணக்காரனின் மந்தை அழிந்தால் அவனுக்கு வேறு தோட்டம் உண்டு, ஏழைக்கு என்ன உண்டு என்பது அவர்களின் கேள்வி.

அடையாற்றங்கரையில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. 2015க்குப் பிறகு ஆற்றோரக் குடிசை மக்களை ஆயிரக்கணக்கில் பெரும்பாக்கத்திற்கும் கண்ணகி நகருக்கும் கொண்டுபோனார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போனது, வீட்டு வேலைக்குப் போன பெண்களின் வருமானம் போனது. அதே கரையில் மதில் கட்டி நிற்கும் பெரிய கட்டடங்களின் பக்கம் அளவுச் சங்கிலி அவ்வளவு வேகமாகப் போகவில்லை. நீர்நிலை மீட்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. எங்கிருந்து தொடங்குகிறார்கள் என்பதில்தான் நமக்குக் கேள்வி.

கையெழுத்துப் போடும் முன்

மனை வாங்குபவர்கள் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் மட்டும் பார்க்கிறார்கள். கிராமத்தின் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். புல எண்ணுக்கு நேரே ஏரி, ஏரி உள்வாய், வாய்க்கால், மேய்க்கால், குளம் என்று வகைப்பாடு இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். புலப்பட வரைபடத்தையும் வாங்குங்கள். மனைக்குப் பக்கத்தில் ஒரு கால்வாய் ஓடினால் வரைபடத்தில் அதன் அகலம் என்ன, தரையில் என்ன என்று இரண்டையும் ஒப்பிட வேண்டும். இவை தமிழ்நாடு அரசின் இணையச் சேவையிலேயே கிடைக்கின்றன. வயதான விவசாயி ஒருவரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "பெரிய மழையில் தண்ணி எது வரைக்கும் நின்றது?" என்றும் கேளுங்கள். அது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

ஏற்கனவே வாங்கிக் குடியேறியவர்களுக்குக் கிராம சபை இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். ஏரியையும் கால்வாயையும் அளந்து எல்லைக் கல் நட வேண்டும் என்ற தீர்மானத்தை அன்று வைப்பது பொருத்தம். எந்த நிதிக்கு விண்ணப்பித்தாலும் முதலில் கேட்கப்படுவது ஆக்கிரமிப்பு இல்லாத, அளந்த எல்லை. அது இல்லாமல் போகும் திட்ட அறிக்கை திரும்பி வரும். ஏரிகளை அளந்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது, தீர்மானத்தில் அதைக் குறிப்பிடலாம்.

கூட்டத்திற்கு ஜமாஅத்தாகப் போக வேண்டாம் என்பது நம் கருத்து. தெருக்காரர்களாகப் போங்கள், பக்கத்து வீட்டு அண்ணனையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். வெள்ளம் வந்தபோது எல்லோரும் ஒரே மாடியில்தானே இருந்தோம்.

ஒரு மழை ஓய்ந்த மாதத்தில் சில இளைஞர்களோடு நாம் ஒரு கலங்கலிலிருந்து கால்வாய் வழியே நடந்து பார்க்கப் போனோம். முழங்கால் தண்ணீரும் ஆகாயத்தாமரையுமாக இருந்தது, ஒன்றும் விளங்கவில்லை. கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார். "பாய், எல்லாரும் தண்ணி இருக்கும்போதுதான் வர்றீங்க. சித்திரையில வாங்க, வாய்க்கால் எங்க செத்துக் கிடக்குதுன்னு காட்டுறேன்" என்றார்.

சித்திரையில் போனோம். வெயில் ஏறும் முன்பே வந்து நின்றிருந்தார். ஃபஜ்ருக்குப் பிறகு தொடங்கி மூன்று மணி நேரம் நடந்தோம். ஓர் இடத்தில் வாய்க்கால் நேராக ஒரு மதிற்சுவருக்குள் போய் மறைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடி தொடங்கியது. கையிலிருந்த வரைபடத்தை விரித்து, டேப் பிடித்து அளந்து, புல எண்ணைக் குறித்துக்கொண்டோம். அந்த எண்தான் மனுவின் முதல் வரியில் இருக்கிறது.